சேகோ ஃபேக்டரி ஸ்டாப்: நில வகைப்பாடு மாறியபோது இடம் மாறிய பஸ் நிறுத்தம் — ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் நகரின் கிழக்கு விளிம்பில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட நிறுவனம், ஊர், ஆட்கள் யார் பெயரும் இதில் வராது. அங்கே வந்த ஒரு வணிகக் கட்டடத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி அறிக்கைக்காகப் போக்குவரத்துக் கணக்கெடுப்பை நடத்திய குழுவில் நானும் ஒருவன். அறிக்கையில் அந்த அத்தியாயத்தை எழுதியதும் நான்தான். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று முதலிலிருந்து பதிவு செய்கிறேன்.

பின்னணி

சேர்வராயன் மலையின் தெற்கு அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வரும் ஒற்றைத் தடச் சாலைகள் இரண்டு, ஒரு பெரிய சாலையில் வந்து சேரும் இடம். அந்த முக்கில் பல வருடங்களாக ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஃபேக்டரி இருந்தது. குச்சிக்கிழங்கு லாரிகள் வரிசையில் நிற்கும், சிமென்ட் களத்தில் ஜவ்வரிசி காயும், காற்று திரும்பினால் புளித்த வாடை ஊருக்குள் வரும். ஃபேக்டரி மூடிய பிறகும் எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு அதே பெயர்தான். கண்டக்டர்கள் இன்னும் ‘சேகோ ஃபேக்டரி எறங்கு’ என்றுதான் குரல் கொடுப்பார்கள்.

நிழற்குடை கிடையாது. ஒரு புளியமரமும், அதன் அடியில் யாரோ போட்ட கல்பலகையும், ஒரு டீக்கடையும்தான் நிறுத்தம். டீக்கடை பல்பு வெளிச்சம்தான் விடியற்காலையில் அங்கே தெருவிளக்கு.

ஏறுகிறவர்கள் யார் என்று பின்னால்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன் குண்டுமல்லிச் சாக்கோடு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள். ஆறு மணிக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர்கள். ஏழு, எட்டு மணிக்குச் செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்குப் போகிறவர்கள், பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். எல்லாரும் கிராமத்திலிருந்து நடந்தோ, சைக்கிளில் வந்து டீக்கடை ஓரம் சைக்கிளை நிறுத்திவிட்டோ பஸ் ஏறுவார்கள்.

நில வகைப்பாடு மாற்றம்

ஃபேக்டரி நிலமும் அதை ஒட்டிய கொஞ்சம் வயலும் ஒரே கைக்குப் போயின. எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) ஒரு பகுதி தொழிற்சாலை உபயோகம், மறு பகுதி விவசாய உபயோகம் என்று இருந்தது. இரண்டையும் வணிக உபயோகமாக மாற்றித் தரும்படி விண்ணப்பம் போனது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி இப்படி மாற்றும்போது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அதில் சர்வே எண்கள் இருந்தன, கிராமத்தின் பெயர் இருந்தது, பரப்பளவு இருந்தது. ‘சேகோ ஃபேக்டரி’ என்ற சொல் இல்லை. ஆட்சேபணை ஒன்றுகூட வரவில்லை.

யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பேச மிகச் சரியான நேரம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நிலம் வணிக உபயோகத்துக்கு மாறினால் அதற்கு ஒரு வாயில் வரும். வாயில் வந்தால் அதன் எதிரே இருக்கும் எதுவும் இடைஞ்சலாகத் தெரியும். அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் வாயிலையே இன்னொரு பக்கம் வைக்கச் சொல்லியிருக்கலாம். காகிதத்தில் ஒரு கோட்டை அழித்து வேறு இடத்தில் வரைவதோடு முடிந்திருக்கும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்குப் போனது

திட்டம் கடைகள், ஒரு கல்யாண மண்டபம், பின்னால் அடுக்குமாடி வீடுகள். மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டியது, 1,50,000-ஐத் தொடவில்லை. 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இது 8(அ) வகை. அனுமதி மாநில அளவிலேயே முடியும். முழு தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை. படிவம் 1, படிவம் 1அ, கட்டட வரைவு ஆகியவற்றோடு நிபுணர் குழு கேட்கும் ஆய்வுகளைக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 8-ம் இனத்தில் வரும் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது, அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்திருக்கிறது. பெரிய சுரங்கம் என்றால் ஊர்க்காரர்கள் மைக்கைப் பிடித்து ‘எங்க பஸ் என்னாகும்?’ என்று கேட்க ஒரு மேடையாவது உண்டு. கட்டடத்துக்கு அது இல்லை. ஆகவே அந்தப் பெண்கள் சொல்ல வேண்டியதை அறிக்கை எழுதுகிறவன்தான் போய்க் கேட்டு எழுதியாக வேண்டும்.

படிவம் 1அ-வில் போக்குவரத்து பற்றிய கேள்வி இல்லாமல் இல்லை. காற்று பற்றிய ஐந்தாம் பிரிவில், திட்டத்தால் வாகன நிறுத்துமிடத்துக்குத் தட்டுப்பாடு வருமா, இப்போதுள்ள போக்குவரத்துக் கட்டமைப்பு எந்த அளவில் இருக்கிறது, அதை மேம்படுத்த என்ன செய்யப்போகிறீர்கள், நுழைவாயிலில் போக்குவரத்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறது. ‘போக்குவரத்துக் கட்டமைப்பு’ என்ற அந்தச் சொல்லுக்குள் பஸ்ஸும் அடக்கம்தான். நாங்கள் அதைச் சாலையின் அகலம் என்று மட்டும் படித்தோம்.

கணக்கெடுப்பு நாள்

2019-ல் ஒரு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டு நாள் எண்ணினோம். காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 10 வரை. புளியமரத்தடியில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தாளில் கட்டங்கள்: டூவீலர், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி, சைக்கிள். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு வரிசை, ஐந்து ஐந்தாகக் கோடு.

எட்டு மணி வாக்கில் பக்கத்தில் நின்றிருந்த ஒரு வயதான அம்மா ரொம்ப நேரம் தாளையே பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, எங்களையும் எண்ணுறீங்களா?”

“இல்லைங்கம்மா, வண்டியை மட்டும்தான்.”

“அப்ப நாங்க பஸ்ஸுக்குள்ள இருந்தா?”

“அப்பவும் பஸ்ஸு ஒண்ணுதாங்கம்மா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் பஸ் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

அந்தக் கோடு அறிக்கையில் என்னவாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. எல்லா வண்டியையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர, ஒரு கார் எடுத்துக்கொள்ளும் இடத்தை 1 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிடுவோம். இந்திய சாலைக் காங்கிரஸின் 1990-ம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியில் டூவீலருக்கு 0.5, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2.2. சாலையில் அந்த வகை வண்டிகளின் பங்கு கூடினால் டூவீலர் 0.75 ஆகவும் பஸ் 3.7 ஆகவும் ஏறும். சாலையின் கொள்ளளவைக் கணக்கிட இது சரியான முறைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இதில் பஸ் இடத்தை அடைக்கும் ஒரு பெரிய வண்டி மட்டுமே. உள்ளே ஐந்து பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் அதே 2.2. அந்த அறுபது பேரும் இரண்டிரண்டு பேராக டூவீலரில் வந்தால் முப்பது வண்டி, அதாவது 15 அலகு. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கட்டம் எங்கள் அட்டவணையில் இல்லை.

நாங்கள் எழுதிய ஒரு வரி

திட்ட வாயில் நிறுத்தத்துக்கு நேர் எதிரே வருவதாக வரைபடம் சொன்னது. பஸ் நின்றால் பின்னால் வரும் கார் வாயிலுக்குள் திரும்ப முடியாது. மண்டபத்தில் முகூர்த்த நாள் என்றால் வரிசை சாலைவரை நிற்கும். நிறுத்தத்தை நகர்த்தினால் உச்ச நேரத்தில் சாலையின் சேவைத்தரம் (வண்டிகள் எவ்வளவு தடையில்லாமல் ஓடுகின்றன என்பதன் அளவு) ஒரு படி மேலே வருவதாகக் கணக்கு காட்டியது. ஆகவே பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகள் என்ற தலைப்பின் கீழ் இதையும் எழுதினோம்: ‘நுழைவாயிலுக்கு எதிரில் உள்ள பேருந்து நிறுத்தத்தைச் சுமார் 400 மீட்டர் தள்ளி அமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.’

நான் எழுதிய வரி. மேலே இருந்தவர்கள் படித்தார்கள், யாரும் மாற்றச் சொல்லவில்லை. நிபுணர் குழுவின் கூட்டத்தில் தண்ணீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, மழைநீர் சேகரிப்பு, தீயணைப்பு வண்டிக்கு வழி என்று நிறையக் கேள்விகள் வந்தன. நிறுத்தம் பற்றி ஒன்றும் வரவில்லை. வரவும் வாய்ப்பில்லை. பாதிப்பு என்ற தலைப்பில் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள், நாங்கள் அதைத் தீர்வு என்ற தலைப்பில் அல்லவா வைத்திருந்தோம். அனுமதிக் கடிதத்தில் ‘போக்குவரத்து மேலாண்மைத் திட்டத்தின்படி நடக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை சேர்ந்தது. அதோடு என் பரிந்துரை நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

என் வேலையில் இதைவிட வருத்தம் தந்த விஷயம் வேறில்லை. ஒரு தவறான எண் என்றால் திருத்திவிடலாம். இதில் எண் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கட்டடம் வந்த பிறகு

2020-ல் ஊரடங்கில் வேலை நின்று, அப்புறம் வேகம் பிடித்து, 2022-ல் கடைகள் திறந்தன. சாலை நடுவே சென்டர் மீடியன் வந்தது. எங்கள் அறிக்கையைக் காட்டிக் கடிதம் எழுதி நிறுத்தப் பலகையை நகர்த்தினார்கள். புளியமரம் சாலை விரிவாக்கத்தில் போனது, டீக்கடையும் போனது.

இடையில் 2021 மே மாதம் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திருந்தது. நாங்கள் எண்ணியபோது பஸ் அவர்களுக்குக் குறைந்த செலவில் போகும் வழி. இப்போது செலவே இல்லாத வழி. தினமும் கையில் நிற்கும் அந்தப் பணம் மாதக் கடைசியில் மளிகைக் கடனை அடைக்கும் பணம். அறிக்கை எழுதும் நாளின் நிலவரம் கட்டடம் எழும் நாளில் இருக்காது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

திரும்பப் போனபோது

அனுமதி வாங்கிய திட்டங்கள் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த வேலைக்காகத்தான் நான் மறுபடியும் அங்கே போனேன். சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, மரக்கன்று நட்டார்களா என்று பார்த்துக்கொண்டே வந்து, ‘பஸ் நிறுத்தம் மாற்றப்பட்டது’ என்ற வரிக்கு நேரே டிக் போடப் புது நிறுத்தத்தைப் பார்க்கப் போனேன்.

ஒரு சின்னப் பாலம் தாண்டி, சாலை கீழே இறங்கும் இடம். பலகை மட்டும் நின்றது. விளக்கு இல்லை. மழைத்தண்ணீர் வடிந்து பாதை சேறாகக் கிடந்தது. இறக்கத்தில் பஸ் வேகமாக வருவதால் டிரைவர் கண்ணில் ஆள் படுவதற்குள் பஸ் தாண்டிவிடும். சில டிரைவர்கள் பழைய இடத்தில் நிறுத்தினார்கள், சிலர் புது இடத்தில். ஆகவே ஜனங்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, பஸ் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் ஓடினார்கள். அந்த ஓட்டத்தை ஒரு முறை பார்த்தால் போதும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், கையில் டிபன் கேரியரோடு ஒருவர், பின்னால் யூனிஃபார்மில் ஒரு பிள்ளை.

டிக் போட மனம் வரவில்லை. விசாரித்தேன். முன்பு என்னிடம் ‘எங்களையும் எண்ணுறீங்களா’ என்று கேட்ட அம்மாவின் மருமகளைச் சந்தித்தேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வரும்போது வாயில் எதிரே இறங்கி, மீடியனைத் தாண்டும்போது மாமியார் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது, அதிலிருந்து வீட்டோடு இருக்கிறார் என்றார்.

பூச்சாக்குப் பெண்களின் கதை வேறு. விடிவதற்கு முன் கிளம்பும் முதல் பஸ்ஸில் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஈரச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டில் இன்னும் 400 மீட்டர் நடந்து, பஸ் நிற்குமா நிற்காதா என்ற சந்தேகத்தோடு நிற்க முடியாமல், ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மினிடோர் ஆட்டோ பேசிக்கொண்டார்கள். முதல் பஸ்ஸின் அந்த நடையில் (டிரிப்பில்) ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் போக்குவரத்துக் கழகத்தில் அந்த நடையின் நேரத்தைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட நேரத்துக்குப் போனால் மார்க்கெட்டில் காலை ஏலம் முடிந்துவிடும், ஆகவே மீதிப் பேரும் மினிடோருக்குப் போய்விட்டார்கள். நாங்கள் 6 மணிக்கு எண்ணத் தொடங்கியவர்கள். அந்த பஸ் எங்கள் தாளில் ஒரு கோடாகக்கூட இல்லை.

கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தவணையில் டூவீலர் வந்திருந்தது. எங்கள் காற்று மாசு அத்தியாயத்தில் திட்டத்துக்கு வரும் வண்டிகளின் புகைதான் கணக்கில் இருந்தது. திட்டத்தால் பஸ்ஸை விட்ட ஜனங்களின் வண்டிப் புகை எந்தப் பக்கத்திலும் இல்லை.

எடுத்த முடிவும் காரணமும்

முதல் யோசனை, அரையாண்டு அறிக்கையிலேயே இதை எழுதிவிடுவது. எழுதினேன். ஆனால் அது அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகும் தாள், பலன் எப்போது வருமோ. ஆகவே ஊர்க்காரர்களோடு சேர்ந்து இன்னொரு கணக்கெடுப்பு நடத்தினோம். இந்த முறை ஆட்களை எண்ணினோம். முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை, மூன்று வேலை நாள், இரண்டு பக்கமும். யார் எங்கே நின்று ஏறினார், ஆணா பெண்ணா, கையில் சுமை இருந்ததா, எங்கே போகிறார். கல்லூரி மாணவிகள் நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் பழைய இடத்தில் கை காட்டித்தான் ஏறினார்கள். ஏறியவர்களில் பெண்களே அதிகம்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. அந்த நிறுத்தத்தில் இறங்கியவர்களில் கணிசமானவர்கள் அந்தக் கட்டடத்துக்கே வேலைக்கு வருகிறவர்கள். கடைகளின் விற்பனைப் பெண்கள், மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள், செக்யூரிட்டி. எங்கள் பழைய அறிக்கையில் வருகிறவர்கள் எல்லாரும் காரிலும் டூவீலரிலும் வருவதாக வைத்து பார்க்கிங் கணக்குப் போட்டிருந்தோம்.

இந்த ஒரு தகவல்தான் கட்டட உரிமையாளர் தரப்பை அசைத்தது. அவர்களோடு மோத வேண்டாம், அவர்கள் ஆட்களும் இதே சேற்றில்தான் நடந்து வருகிறார்கள் என்று காட்டுவோம் என முடிவெடுத்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவரே போய்ப் பேசினார். அப்புறம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. மனுவோடு எண்ணிய தாள்களின் நகலும் ஒரு வரைபடமும். சாலை, போலீஸ், போக்குவரத்துக் கழகம், உள்ளாட்சி எல்லாரும் ஒரே நாளில் இடத்துக்கு வரும் கூட்டுத் தணிக்கை வேண்டும் என்பதை மட்டும் கேட்டோம். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார் என்று ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் சொன்ன யோசனை அது.

கிடைத்தது, கிடைக்காதது

தணிக்கைக்கு வந்தவர்கள் கீழே இறக்கத்தில் இருந்த நிறுத்தத்தைப் பார்த்ததும் அதிகம் விவாதிக்கவில்லை. கட்டடத்தின் முன் பார்க்கிங்குக்கு விட்டிருந்த இடத்திலிருந்து மூன்று மீட்டர் அகலப் பட்டை ஒன்றை உரிமையாளர் தரப்பு விட்டுக்கொடுத்தது. டவுனுக்குப் போகும் பக்கத்தில், வாயிலிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, பஸ் சாலையை விட்டு ஒதுங்கி நிற்கும்படி இடம் அமைத்தார்கள். கார் திரும்பவும் தடையில்லை. இப்படி ஒரு வழி இருப்பதை 2019-லேயே யோசித்திருந்தால் வரைபடத்தோடு முடிந்திருக்கும். நிழற்குடையும் விளக்கும் வந்தன. மீடியனில் ஆள் கடக்க ஒரு இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டார்கள்.

எதிர்ப்பக்க நிறுத்தம் இன்னும் வெறும் பலகைதான். மினிடோருக்குப் போன பூச்சாக்குப் பெண்களில் சிலர் திரும்பவில்லை, பழகிவிட்டது என்றார்கள். டூவீலர் வாங்கிய வீடுகள் பஸ்ஸுக்குத் திரும்புமா என்ன, தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி மாற்ற வேண்டியவை

முதலாவது, நிறுத்தத்தை நகர்த்துவதைத் தீர்வு என்ற தலைப்பில் எழுதக்கூடாது. அது பாதிப்பு. பாதிப்பு என்று எழுதினால் யாருக்கு, எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் என்ற கேள்விகள் தானாக வரும். நில வகைப்பாடு மாற்ற விண்ணப்பத்திலேயே அந்த நிலத்தைச் சுற்றி எந்தெந்தத் தடம் ஓடுகிறது, நிறுத்தம் எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொல்லலாம். பஸ் பணிமனைக் கிளை மேலாளரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும், பெரிய செலவு இல்லை. அறிவிப்பில் சர்வே எண்ணோடு ஊர் வழங்கும் பெயரையும் போட வேண்டும்.

அளவுகோலே மாறினால் இன்னும் நல்லது. கலிபோர்னியாவில் 1970-ல் வந்த சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழும் சந்திப்பில் கார்கள் எவ்வளவு தாமதமாகின்றன என்பதுதான் நீண்ட காலம் போக்குவரத்துப் பாதிப்பின் அளவாக இருந்தது. பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டால்கூடக் கார் தாமதமாகிறது என்று அது பாதிப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும். 2013-ல் இயற்றிய ஒரு சட்டத்தால் அதை மாற்றினார்கள். 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும், ஒரு திட்டத்தால் வண்டிகள் மொத்தம் எத்தனை தூரம் கூடுதலாக ஓடும் என்பதைப் பார்க்கிறார்கள். பொதுப் போக்குவரத்துக்கான திட்டங்களோடும் கொள்கையோடும் முரண்படுகிறதா என்ற கேள்வியும் அங்கே சரிபார்ப்புப் பட்டியலில் தனியாக இருக்கிறது. நம் ஊர் நிலைமை வேறு, சட்டம் வேறு. ஆனாலும் அந்தக் கேள்வியை இங்கே கேட்கத் தடை ஒன்றும் இல்லை, படிவம் 1அ-வின் ஐந்தாம் பிரிவில் இடம் ஏற்கெனவே இருக்கிறது.

என் அளவில் கணக்கெடுப்புத் தாளை மாற்றிவிட்டேன். பஸ் கட்டத்துக்குக் கீழே இரண்டு சின்னக் கட்டங்கள்: ஏறியவர், இறங்கியவர். தாளின் மேலே, எண்ணத் தொடங்கும் முன் அந்தத் தடத்தில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு எழுத ஒரு வரி.

விடிகாலை பஸ் நடையைப் பழைய நேரத்துக்கே கொண்டுவரச் சொல்லி ஊர்க்காரர்கள் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.